ஹாலில் விரித்த கன்றுத்தோல்

காலு வெச்சுக்க எடம் பத்தலீங்களா? சித்த இருங்க, இந்த மூட்டைய மடிமேல எடுத்து வெச்சுக்கறேன். நீங்க தாராளமா நீட்டி உக்காருங்க. பாரமெல்லாம் இல்லீங்க. பாக்கத்தான் பெருசு.

என்னதுன்னு பாக்கறீங்க. கண்டக்டருகிட்டப் போர்வைன்னு சொன்னேன். உங்ககிட்டயும் அதையேதான் சொல்லலாம்னு வாயெடுத்தேன். வேண்டாமுங்க. பொய் சொல்லிச் சொல்லி வாயே கசந்து கெடக்குது. தோலுங்க இது. கன்னுக்குட்டித் தோலு. முடியோட இருக்கும். ஹால்ல, சோபாவுக்கு முன்னால விரிக்கறது.

மூக்கச் சுளிக்காதீங்க. வாசமெல்லாம் வராது. பதம் பண்ணுன தோலு.

நானும் திருப்பூருதானுங்க. பேரு சாரதாமணி. எங்களுக்குப் பனியன் கம்பெனி. ஊட்டுல ரெண்டு காரு நிக்குது. அப்பறம் எதுக்கு இந்தக் காங்கேயம் பஸ்சுல இடிபட்டுட்டு வர்றேன்னு கேப்பீங்க. எங்க டிரைவரு எங்க நங்கை ஊருக்காரரு. அவரக் கூட்டிட்டு வந்தா பொழுது சாயறதுக்குள்ள ஊரே பேசும். அதுக்குத்தான் பஸ்சு. வெக்கப்பட்டவளுக்குப் பஸ்சுதானுங்க நல்லது, யாரும் மொகத்தப் பாக்கறதில்ல.

நங்கைன்னா தெரியலீங்களா? நீங்க நாத்தனாருன்னு சொல்லுவீங்க. எங்கூட்டுக்காரரோட அக்கா. மாராத்தான்னு பேரு. காங்கேயத்துக்குத் தெக்கால ஒரு வலசுல, அதாவது குட்டி ஊருல, தனியா இருக்காங்க. எம் மாமனாரு சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாரு. நங்கைதான் மாடு வெச்சு, பாலூத்தி, தம்பியப் படிக்க வெச்சாங்க. அவங்களும் கட்டிக் குடுத்த எடத்துல வாழாம, புருசன் செத்து, திரும்பி வந்துட்டாங்க. புள்ளையில்ல. தம்பியும் மாடுந்தான். எங்கூட்டுக்காரரு இன்னைக்கும் ஒரு காரியம்னா மொதல்ல அக்காவுக்குத்தான் போன் பண்ணுவாரு. எனக்கு அது புடிக்காது. உள்ளதச் சொல்றேன், புடிக்காது.

இப்பப் போன தையில புது ஊடு கட்டிக் குடி போனமுங்க. ஊடுன்னா சாதாரண ஊடில்ல. பெங்களூருல இருந்து ஒரு பொண்ணு வந்து உள்ளலங்காரம் பண்ணுச்சு. சொவத்துக்கு ஒரு கலரு, தெரைக்கு ஒரு கலருன்னு அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணாக் காட்டிட்டு வந்துச்சு. எனக்கு அதெல்லாம் மனசுல நிக்கல. என் மனசுல ஒண்ணேதான். நிர்மலா ஊட்டு சோபா.

நிர்மலாங்கறது எங்களாட்டவே எக்ஸ்போர்ட் பண்றவங்க ஊட்டம்மா. அவங்க ஊட்டுக்கு ஒருக்காப் போயிருந்தேன். சோபா மேல சாம்பக் கலருல மொசுமொசுன்னு ஒண்ணு போட்டிருந்துச்சு. என்னங்க இதுன்னு கேட்டேன். "நரி. ஒரிஜினல் ஃபர்"ன்னாங்க. அந்த ஒரிஜினலுங்கற வார்த்தைய எப்படிச் சொன்னாங்கங்கறீங்க! நான் கட்டியிருந்த பட்டும் ஒரிஜினலு, போட்டிருந்த வைரமும் ஒரிஜினலு. ஆனா அவங்க சொன்னப்ப எம்பட கழுத்துல கெடக்கறதெல்லாம் கவரிங் மாதிரித் தோணிப்போச்சு.

பெங்களூருப் பொண்ணுகிட்டச் சொன்னேன், எனக்கும் ஒரிஜினலுதான் வேணும், போலி வேண்டாம்னு. அது நாலஞ்சு எடுத்துப் போட்டுச்சு. பெரிய மாட்டுத் தோலு மொரடா இருந்துச்சு. இத எடுத்துப் போட்டதும் கைய எடுக்க மனசு வல்லீங்க. வெள்ளையில செவலைப் புள்ளி. "இது கன்னு மேடம், அதான் இவ்வளவு சாஃப்ட்"ன்னு சொல்லுச்சு. தெளிவாத்தான் சொல்லுச்சு. நானும் தெளிவாத்தான் கேட்டேன். தெரியாம வாங்குனேன்னு சொன்னா அதும் பொய்யாப் போயிருமுங்க.

ஏனுங்க, நாங்க மாட்டுப் பொங்கலுக்குப் பட்டி கட்டி, மாட்டு முன்னால உழுந்து கும்படற சனம். எனக்கு அது ஞாபகத்துல இல்லாம இல்ல. அதுக்குத்தான் ரெண்டு மாதிரியாச் சொன்னேன். நிர்மலாவாட்ட ஆளுங்களுக்கு ஒரிஜினலு. எங்க சொந்தபந்தம், ஒறம்பரைக்கு நைலானு. எங்கூட்டுக்காரருக்கும் நைலானுன்னுதான் சொல்லி வெச்சேன். அவரு நூலக் கண்டா என்ன ரகம்னு சொல்லிருவாரு, இது அவருக்குப் புடிபடல. நம்பிட்டாரு.

ரெண்டு பக்கமும் நல்லாத்தானுங்க போயிட்டு இருந்துச்சு. ரெண்டு கூட்டமும் ஒரே நாளு ஒரே ஹால்ல நிக்கும்னு நான் ரோசன பண்ணல.

குடி போற அன்னைக்குப் பசுவும் கன்னும் மொதல்ல உள்ள நொழையணுமில்லீங்களா, அதுக்கு மாடு வாடகைக்குக் கெடைக்குதுங்க திருப்பூருல. பூவெல்லாம் சுத்தி, கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சுக் கூட்டிட்டு வருவாங்க. நான் அதத்தான் பேசி வெச்சிருந்தேன். நங்கை ஒத்துக்கவே இல்ல. "என்ற தம்பி ஊட்டுக்குள்ள எவங்கூட்டு மாடோ நொழையறதா?"ன்னு சண்டைக்கே வந்துட்டாங்க. முந்துன நாளே வேன் வெச்சு அவங்க மாட்டையும் கன்னையும் கூட்டிட்டு வந்துட்டாங்க. மயிலை மாடு, சாம்பக் கலரு. மாமனாரு காலத்து மாட்டோட வம்சமாம். அதுகூடப் பேசிட்டே வந்தாங்களாம், வேன்ல முன்னால உக்காரச் சொன்னா மாட்டேன்னுட்டாங்களாம்.

விடியக்காலம் ஹோமமெல்லாம் முடிஞ்சுது. ஐயரு ஹாலப் பாத்துட்டு, "அந்த விரிப்ப எடுத்துருங்கம்மா, மாடு வர்ற வழி"ன்னாரு. நான் எடுக்கல. போட்டோக்காரரு அப்பத்தான் லைட்டெல்லாம் சரி பண்ணி வெச்சிருந்தாரு. நிர்மலாவும் வந்து நிக்கறாங்க. "ஓரமாப் போகட்டுமுங்க சாமி, எடம் நெறைய இருக்குது"ன்னேன். அந்த ஒரு நிமிசம் குனிஞ்சு சுருட்டியிருந்தேன்னா இந்தக் கதையே இல்ல. ஆனா சுருட்டறதுக்கா அத வாங்குனேன்?

மாடு நல்லாத்தானுங்க வந்துச்சு. வழுக்காம இருக்கக் கிரானைட்டு மேல சாக்கு விரிச்சிருந்தம். நங்கை கயித்தப் புடிச்சிட்டு முன்னால வர்றாங்க, புதுச் சேலை, மொகமெல்லாம் சிரிப்பு. நேரா வந்த மாடு நடு ஹால்ல நின்னுருச்சு. தலையக் குனிஞ்சு தோல மோந்து பாத்துச்சு. அப்பறம் நக்க ஆரம்பிச்சுருச்சு. சும்மா ஒரு நக்கு இல்லீங்க. ஈன்ன கன்ன நக்குமே, அப்படி. தலையில இருந்து வால் வரைக்கும்.

எல்லாரும் சிரிச்சாங்க. செல்லெடுத்துப் புடிச்சாங்க. அதோட சொந்தக் கன்னு பக்கத்துல நின்னு கத்துது. அதத் திரும்பிக்கூடப் பாக்கல. நங்கை கயித்த இழுத்தாங்க. அசையல. மறுக்கா இழுத்தப்ப மாடு தலையத் தூக்கி ஒரு கத்து கத்துச்சு பாருங்க. அந்தச் சத்தத்த எப்படிச் சொல்றதுன்னு தெரியலீங்க. செல்லு புடிச்ச கையெல்லாம் கீழ எறங்கிருச்சு. மாட்டுக் கண்ணுல தண்ணியா ஊத்துது.

அந்த நேரம் பாத்து நிர்மலா, "பாரேன் சாரதா, மாடே சர்டிபிகேட் குடுத்துருச்சு, ஒரிஜினலுதான்"னாங்க. சத்தமாத்தான் சொன்னாங்க. நங்கை திரும்பி என்னையப் பாத்தாங்க. "என்ன கண்ணு சொல்றாங்க?"ன்னு கேட்டாங்க.

நான் சிரிச்சுட்டே, "இல்லீங்க நிர்மலா, இது நைலானுதான். உங்ககிட்டச் சும்மா வெளையாட்டுக்கு ஒரிஜினலுன்னு சொன்னேன்"ன்னேன்.

நிர்மலா ஒதட்டச் சுழிச்சுட்டு நவுந்து போயிட்டாங்க. போலிய விரிச்சுட்டு ஒரிஜினலுன்னு பீத்திக்கிட்டவன்னு ஆயிப்போச்சு எம்பேரு. அன்னைக்கெல்லாம் எனக்கு அதுதானுங்க வெசனம். மாடு அழுதது இல்ல. நங்கை மொகம் செத்துப் போனது இல்ல. நிர்மலா ஒதட்டச் சுழிச்சது. இத இப்பச் சொல்றப்பவே எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. நீங்க சன்னலப் பாத்துக்குங்க, நான் சொல்லி முடிச்சர்றேன்.

நாலு பேரு சேந்து மாட்ட வெளிய தள்ளிட்டுப் போனாங்க. அப்பறம் பாலு காய்ச்சணுமில்ல, நங்கை செம்பு எடுத்துட்டுக் கறக்க உக்காந்தாங்க. ஒரு சொட்டு எறங்கல. கன்ன ஊட்ட விட்டுப் பாத்தும் எறங்கல. கடைசியில பாக்கெட்டு பால வாங்கியாந்து காய்ச்சுனம். ஒறம்பரையில ஒரு கெழவரு, "குடி போற ஊட்டுல பசு அழுதா அந்த ஊட்டு ஆம்பளைக்கு ஆகாது"ன்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிட்டாரு. இவங்களுக்கென்ன, சொல்லிட்டுச் சாப்பிடப் போயிருவாங்க.

நங்கை அன்னைக்கு எங்க ஊட்டுல பச்சத்தண்ணி குடிக்கல. நான் மாட்டு எச்சியத் தொடச்சுட்டு இருந்தேன். வந்து பக்கத்துல குத்த வெச்சு, "என்ற மாடு உன்ற பொருளக் கெடுத்துப்போட்டுது கண்ணு, மனசுல வெச்சுக்காத"ன்னு சொல்லி அவங்க முந்தானையிலயே தொடச்சாங்க. நான் என்ன சொல்லோணும்? "போகுது உடுங்க நங்கை"ன்னேன். பெரிய மனசு பண்ணி மன்னிச்சவளாட்ட.

இதோட போயிருந்தாலும் போயிருக்கும். பத்து நாளு கழிச்சு எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல வலின்னு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனம். வெறும் வாயுத் தொல்லைதானுங்க. மொத நாளு கல்யாணத்துல தின்ன போண்டா. டாக்டரே சிரிச்சாரு. ஆனா நங்கைக்கு அது வாயு இல்ல. மாடு அழுதது.

நேத்து எனக்குப் போன் பண்ணுனாங்க. கொரலே இல்ல. "நாளைக்குத் தரகரு வர்றாரு சாரதா. மயிலைய வித்துத் தாட்டி உட்டர்றேன். கன்னையும் சேத்து"ன்னாங்க. எங்க நங்கைன்னேன். "எங்க கொண்டுபோவாருன்னு கேக்க மாட்டேன்"ன்னாங்க. புரியுதுங்களா? கேரளா லாரிக்கு, கறிக்கு. வேற ஊட்டுக்குக் குடுக்கலாமில்லன்னேன். "ஆகாத மாட்ட எப்படி இன்னொருத்தங்க வாசல்ல கட்டறது? கோயலுக்கு உடறதும் பாவம். எனக்கு மாடு வேணுமா தம்பி வேணுமான்னு கேட்டா தம்பிதான் வேணும். சென்னிகிட்டச் சொல்லிராத, தாங்க மாட்டான்"ன்னாங்க. சென்னியப்பன்னு எங்கூட்டுக்காரரு பேரு.

போன வெச்சுட்டு ஹால்லயே நின்னேன். தோலு காலடியில கெடக்குது. அந்த மாடு ஏன் அழுதுதுன்னு இந்த ஒலகத்துல தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தான். ஒரு வார்த்த சொன்னாப் போதும், ரெண்டு உசிரு நிக்கும். சொல்லாட்டி யாருக்கும் எதும் தெரியாது. நிர்மலாகூட நைலானுன்னு நம்பிட்டாங்க.

நான் அவ்வளவு கெட்டவ இல்லீங்க. காலையில எந்திரிச்சதும் இதச் சுருட்டிக் கட்டி எடுத்துட்டுப் பஸ் ஏறிட்டேன். வாயால சொன்னா நம்ப மாட்டாங்க, கண்ணுல காட்டணும்னுதான் எடுத்துட்டே போனேன்.

போய்ப் பாத்தா நங்கை வாசல்ல தரகரோட சின்ன வேனு நிக்குது, பின்கதவு தொறந்து கெடக்குது. மாட்டக் குளுப்பாட்டி, மஞ்சத் தண்ணி தெளிச்சு, பொட்டு வெச்சிருக்காங்க. கழுத்து மணிய மட்டும் அவுத்துட்டாங்க. நங்கை மொகம் வீங்கிக் கெடக்குது. என்னையக் கண்டதும் பதறிட்டாங்க. "சென்னிக்கு ஒண்ணுமில்லையே கண்ணு?"

நான் செருப்பக்கூடக் கழட்டல. நின்னபடிக்குச் சொல்லிட்டனுங்க. "நங்கை, மாட்ட அனுப்பாதீங்க. அது மேல குத்தமில்ல. ஹால்ல விரிச்சிருந்தது நைலானு இல்ல, நெசமான கன்னுத்தோலு. தெரிஞ்சேதான் வாங்குனேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். வாயில்லாச் சீவன் கன்னுன்னு நெனச்சு நக்குச்சு, அதான் கத்துச்சு. உங்க தம்பிக்கு அதனால ஒண்ணும் வராது."

ஒரே மூச்சுல சொல்லிட்டேன். என் வாழ்க்கையில அப்படி உள்ளத உள்ளபடி சொன்னது அது ஒண்ணுதானுங்க.

நங்கை அறைவாங்கன்னு நெனச்சேன். அறைஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். ஓடி வந்து ரெண்டு கையிலயும் எம் மொகத்தப் புடிச்சுக்கிட்டாங்க. "இந்த மாட்டக் காப்பாத்தறதுக்கு இப்பேர்ப்பட்ட பழிய உன்ற தலைமேல நீயே போட்டுக்கறயா சாமி?"ன்னாங்க.

எனக்கு முதல்ல புரியல. "இல்லீங்க நங்கை, நெசமாவே..."ன்னு ஆரம்பிச்சேன்.

"பேசாத"ன்னு வாயப் பொத்திட்டாங்க. தரகருபக்கம் திரும்பி, "கேட்டீங்களா இவ சொல்றத? பட்டிப் பொங்கலுக்கு என்ற பக்கத்துல நின்னு மாட்டுக்குச் சூடம் காட்டுன கைங்க இது. இந்தக் கை கன்னுத்தோலக் காலடியில விரிக்குமா? பொய் சொல்றா. எனக்காவ, இந்த மாட்டுக்காவ பொய் சொல்றா. இப்படி ஒரு மவராசி வெளக்கேத்தற ஊட்டுக்கு எந்த மாடு அழுது என்ன ஆயிரும்? நீங்க வேன எடுத்துட்டுக் கெளம்புங்க"ன்னாங்க.

தரகரு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போனாருங்க.

மாடு நின்னுருச்சு. கன்னும் நின்னுருச்சு. நங்கை மணிய எடுத்துட்டு வந்து மறுபடி கழுத்துல கட்டுனாங்க. எங்கையப் புடிச்சு மாட்டு முதுகுல வெச்சு, "தடவிக் குடு, உன்னாலதான் பொழச்சுது"ன்னாங்க. தடவுனேன். ஹால்ல தெனமும் கால்ல படற அதே மாதிரி முடி. இது சூடா இருந்துச்சு, அவ்வளவுதானுங்க வித்தியாசம்.

அப்ப மூட்டை எங்க இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? எங்காலடியிலதான். ஒரே முடிச்சு. அவுத்துக் காட்டறதுக்குத்தான் அவ்வளவு தூரம் கொண்டு போனது. அவுக்கறதுக்குத்தான் குனிஞ்சேன், சத்தியமா. குனிஞ்சவ சேல மடிப்பச் சரி பண்ணிட்டு நிமுந்துட்டேன்.

ஏன்னு கேக்காதீங்க. மவராசின்னு என்னைய யாரும் சொன்னதில்லீங்க. கெட்டிக்காரின்னு சொல்லிருக்காங்க, வாய்க்காரின்னு சொல்லிருக்காங்க, கம்பெனிக்காரிச்சின்னு சொல்லிருக்காங்க. நல்லவன்னு எவ வாயிலயும் கேட்டதில்ல. அதும் நங்கை வாயில. கேட்டுட்டு அத இல்லைன்னு சொல்ல நாக்கு எந்திரிக்கல. மாடுதான் பொழச்சிருச்சே, இனி எதுக்குன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். மூட்டையில என்னன்னு நங்கை கேட்டாங்க. டெய்லருக்குக் குடுக்கற துணின்னு சொன்னேன்.

அதோட உட்டிருந்தாக்கூட இப்ப உங்ககிட்ட இவ்வளவு பொலம்பியிருக்க மாட்டேன். நங்கைக்குச் சந்தோசம் தாங்கல. உடனே தம்பிக்குப் போன் போட்டுட்டாங்க. நடந்தது அத்தனையும் சொன்னாங்க, நான் பழியச் சொமக்க வந்தேன்னு சொல்லிச் சொல்லி அழுதாங்க. அவரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டாரு. அப்பறம் "அவகிட்டக் குடு"ன்னாரு.

இருவத்தெட்டு வருசமா அவருகூடக் குடும்பம் நடத்தறேன். அந்த மனுசன் கொரலு அப்படி ஒடஞ்சு நான் கேட்டதில்லீங்க. "சாரதா, எங்கக்காளுக்கும் உனக்கும் ஆகவே ஆகாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். உன்னையத் தெரியாமயே இத்தன நாளு இருந்திருக்கேன்"ன்னாரு.

அப்பவாவது சொல்லியிருக்கலாம். மூணு பேருக்கும் நடுவுல நிக்கறேன், நங்கை, மாடு, போன்ல அவரு. காலடியில மூட்டை.

"நான் என்னங்க பெருசாப் பண்ணிட்டேன்"ன்னு சொன்னனுங்க. கொரலக் கொஞ்சம் தாழ்த்தி வேற சொன்னேன்.